பிள்ளையாருக்கு இன்னைக்குக் கூட்டம் இல்லை

எங்க காலேஜ் மெயின் கேட்டைத் தாண்டினதும் வேப்பமரத்தடியில ஒரு சின்னப் பிள்ளையார் கோவில் இருக்கு. அங்க நிக்கற கூட்டத்தை வச்சே அகாடமிக் காலண்டரைச் சொல்லிடலாம். செமஸ்டர் எக்ஸாம் காலையில செருப்பு விட இடம் இருக்காது. ஹால் டிக்கெட், பேனா, சில பேர் கால்குலேட்டரைக்கூட பிள்ளையார் காலடியில வச்சு எடுப்பாங்க. கம்பெனி வர்ற நாள்ல ஃபார்மல்ஸ் போட்ட கூட்டம். பளபளன்னு பாலிஷ் போட்ட ஷூவைக் கழட்டச் சோம்பல்பட்டு, தூர நின்னே நெத்தியில குட்டிக்கறவங்களும் உண்டு. ரிசல்ட் வந்த சாயங்காலம் சிதறு தேங்காய். தேங்காய் பொறுக்க ஜூனியர்ஸ்.

மத்த நாள்ல? நைட் டியூட்டி முடிச்சுப் போற செக்யூரிட்டி அண்ணன் ஒருத்தர் மட்டும். சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு, தொப்பியைக் கழட்டி, ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போவார். அவருக்கு எந்த செமஸ்டரும் இல்ல.

கூட்டத்தைக் குறை சொல்ல வரல. நானும் அதுல ஒருத்தன்தான். முதல் வருஷம் மேத்ஸ் பேப்பர்ல பாஸ் ஆனா 108 தோப்புக்கரணம்னு வேண்டிக்கிட்டேன். பாஸ் ஆயிடுச்சு. 36, 36, 36-ன்னு மூணு நாள் தவணையில போட்டு முடிச்சேன், லோன் கட்டற மாதிரி. முடிச்ச அன்னைக்கு எனக்கு வந்த உணர்ச்சி நன்றி இல்ல. கடன் தீர்ந்த நிம்மதி. அதுக்கப்புறம் அடுத்த எக்ஸாம் வரைக்கும் நான் அந்தப் பக்கம் திரும்பல. அப்போ அதைப் பத்தி யோசிக்கவும் இல்ல. யோசிக்க வச்சது பிளேஸ்மென்ட்.

ஏழாவது செமஸ்டர் ஆரம்பிச்சதும் ஒரு கம்பெனி வந்தாங்க. பேர் வேண்டாம். காலையில ஆப்டிட்யூட் டெஸ்ட் எழுதினது 300 பேருக்கு மேல. கோடிங் ரவுண்டு முடிஞ்சப்போ 60. டெக்னிகல் முடிஞ்சப்போ 20. ஹெச்ஆர் ரவுண்டும் முடிஞ்சு ராத்திரி எட்டரைக்கு ஆடிட்டோரியத்துல லிஸ்ட் வாசிச்சாங்க. 11 பேர். ஒன்பதாவது பேர் என்னோடது.

என் ரூம்மேட் டெக்னிகல் ரவுண்டுலயே வெளிய வந்துட்டான். அவனுக்கு என்னைவிட சிஜிபிஏ அதிகம். எனக்கு சி ப்ரோக்ராமிங் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். பாயின்டர்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சது, மெஸ்ல அவன் தட்டையும் டம்ளரையும் நகர்த்தி நகர்த்தி விளக்கினப்போதான்.

ரூமுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா அழுதுட்டாங்க. எனக்கும் தொண்டை அடைச்சுது. "கடவுள் இருக்கார்மா, நம்மளக் கைவிடல"ன்னு சொன்னேன். சத்தமாவே சொன்னேன். ரூம்மேட் அப்போ கொடியில காஞ்ச துணியை எடுத்து மடிச்சுட்டு இருந்தான். போனை வச்சதும் வந்து கட்டிப்பிடிச்சான், ட்ரீட் எப்போன்னு கேட்டான், சிரிச்சான். எல்லாம் நல்லாத்தான் போச்சு. லைட் ஆஃப் பண்ணி அரை மணி நேரம் இருக்கும், தூங்கிட்டான்னு நினைச்சேன். இருட்டுல இருந்து குரல் வந்துது.

"மச்சி, உன்னைக் கைவிடலன்னா, என்னைக் கைவிட்டுட்டாரா?"

கோவமா கேட்கல. சந்தேகம் கேட்கற மாதிரிதான் கேட்டான், கிளாஸ்ல கேட்பான்ல, அந்தக் குரல். நான் தூங்கற மாதிரி நடிச்சேன்.

அந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் விடல. நான் அம்மாகிட்ட சொன்னது ரொம்ப சாதாரண வார்த்தை. எல்லாரும் சொல்றது. ஆனா அதை அப்படியே விரிச்சுப் பார்த்தா என்ன அர்த்தம் வருது? 300 ரெஸ்யூமேயைக் கடவுள் கையில வச்சுட்டு உட்கார்ந்திருக்கார், 11-ஐ எடுத்தார், மீதியை ஓரமா வச்சார். என் கடவுளை நான் ஒரு ஹெச்ஆர் மேனேஜர் ஆக்கிட்டேன். என் நன்றியும், செலக்ட் ஆனவன் ஹெச்ஆருக்கு அனுப்பற "தேங்க்யூ சோ மச் ஃபார் தி ஆப்பர்ச்சூனிட்டி" மெயில் ஆயிடுச்சு. அந்த மெயிலை செலக்ட் ஆகாதவன் அனுப்ப மாட்டான். செலக்ட் ஆனவனும் அவன் முன்னாடி நின்னு வாசிக்க மாட்டான்.

இதுல இருந்துதான் எனக்கு ஒரு அளவுகோல் கிடைச்சுது. பக்கத்துக் கட்டில்ல இருக்கறவன் முன்னாடி வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படற நன்றி, கடவுளுக்கான நன்றியே இல்ல. அது ஜெயிச்ச சந்தோஷம். சந்தோஷப்படறது தப்பில்ல, நான் பட்டேன், பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். ஆனா அதுக்குச் சாமி கையெழுத்து வாங்கக் கூடாதுன்னு தோணுது.

அப்போ சொல்லக் கூடிய நன்றி எது? இதுக்கு எனக்கு முதல்ல உதவினது எந்த ஆன்மிகப் புத்தகமும் இல்ல. மைக்ரோப்ராசஸர் லேப். இன்ஜினியரிங் மேகசின்ல எழுதறேன், இந்த உரிமையைக்கூட எடுத்துக்கலன்னா எப்படி.

டெக்னிகல் ரவுண்டுல என்னைக் கேட்ட முதல் கேள்வியே இன்டரப்டுக்கும் போலிங்குக்கும் என்ன வித்தியாசம்னுதான். முந்தின நாள் ராத்திரி படிச்சது. (ரூம்மேட்டுக்கு வேற பேனல், வேற கேள்வி. அவ்வளவுதான் வித்தியாசம், இதுல தெய்வச் செயலைத் தேடினா அசிங்கமா இருக்கும்.) தெரியாதவங்களுக்கு ஒரு வரியில சொல்றேன். இன்டரப்ட்னா, ப்ராசஸர் தன் வேலையைப் பார்த்துட்டே இருக்கும், வெளியில இருந்து சிக்னல் வந்தா கையில இருக்கற இன்ஸ்ட்ரக்ஷனை முடிச்சுட்டு, எங்க விட்டோம்ங்கறதை ஸ்டாக்ல போட்டுட்டு, அங்க ஓடி அதைக் கவனிச்சுட்டு, திரும்பி வந்து பழைய வேலையைத் தொடரும். போலிங்னா, யாரும் கூப்பிடாமலே ப்ராசஸர் அப்பப்போ போய் "ஏதாவது இருக்கா, ஏதாவது இருக்கா"ன்னு தானே பார்த்துட்டு வரும். பாடப் புத்தகத்துல இன்டரப்ட்தான் கெட்டிக்காரத்தனம். போலிங் நேர விரயம்னு போட்டிருக்கும்.

எங்க தலைமுறையோட பக்தி முழுக்க இன்டரப்ட். ரிசல்ட் வந்தா ஒரு சிக்னல், ஆக்சிடென்ட்ல தப்பிச்சா ஒரு சிக்னல், வீட்டுல யாரையாவது ஐசியூவுல சேர்த்தா ஒரு சிக்னல். ஓடிப் போய்க் கும்பிட்டுட்டு, விட்ட இடத்துல இருந்து தொடருவோம். 8085-ல ஹார்டுவேர் இன்டரப்ட் 5 உண்டு. அதுல 4-ஐ வேண்டாம்னு மறைச்சு வச்சிடலாம், டிராப்னு ஒண்ணை மட்டும் மறைக்க முடியாது. ஆஸ்பத்திரி வராண்டாதான் நமக்கு டிராப். நாத்திகம் பேசறவனையும் ஒரு நிமிஷம் கண்ணை மூட வைக்கற இடம். ஆனா எப்போ சிக்னல் வருதோ அப்போ மட்டும் ஓடறது உறவு ஆகுமா? அம்மாவுக்குப் பணம் தேவைப்படும்போது மட்டும் போன் பண்ற பையனை நம்ம வீட்டுல என்ன சொல்வாங்க?

போலிங் பண்றவங்களையும் நான் பார்த்திருக்கேன். எங்க அப்பத்தா உட்காரும்போது "முருகா"ம்பாங்க. எழுந்திருக்கும்போது "முருகா". வாசல் தெளிச்சு முடிச்சுக் குடத்தை வைக்கும்போது, அடுப்பை அணைக்கும்போது, ராத்திரி தலையணையில தலை வைக்கும்போது. சின்ன வயசுல அது மூட்டு வலிக்கான சத்தம்னு நினைச்சுட்டு இருந்தேன். கொஞ்சம் மூட்டு வலியும் இருக்கலாம். ஆனா அந்த "முருகா"வுல வேண்டுதல் எதுவும் இல்ல. அதைக் கொடு, இதைக் கொடுன்னு இல்ல. "இதோ இங்கதான் இருக்கேன், நீயும் இங்கதான் இருக்க"ன்னு ஒரு அட்டெண்டன்ஸ் மாதிரி. சோறு வடிச்சதும் காக்காவுக்கு ஒரு பிடி வச்சுட்டுத்தான் மத்தவங்களுக்குப் போடுவாங்க. அன்னைக்குச் சாம்பார் நல்லா வந்துதா, பேரன் பாஸா ஃபெயிலாங்கறதுக்கும் அந்தப் பிடிக்கும் சம்பந்தமே இல்ல.

கொஞ்சம் கவனிச்சா இது நம்ம ஊர்ல எல்லா இடத்துலயும் இருக்கு. டவுன் பஸ் டிரைவர் ஏறி உட்கார்ந்ததும் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவார். பஸ் இன்னும் நகரவே இல்ல. காலையில கடை திறக்கறவர் முதல் போணி காசை வாங்கிக் கண்ணுல ஒத்திட்டுக் கல்லாவுல போடுவார். அது பத்து ரூபாயா இருக்கும். அன்னைக்கு வியாபாரம் எப்படிப் போகும்னு அவருக்குத் தெரியாது. எங்க ஒர்க்ஷாப்ல இருக்கற சார் லேத்தை ஆன் பண்றதுக்கு முன்னாடி அதோட படுக்கையை ஒரு தடவை தொட்டுக் கும்பிடுவார். முதல் வருஷம் அவரைப் பார்த்து நாங்க சிரிச்சிருக்கோம். இவங்க யாரும் போய்ச் சேர்ந்ததுக்கு நன்றி சொல்லல. கிளம்பக் கிடைச்சதுக்குச் சொல்றாங்க. இந்த வித்தியாசத்தைத்தான் நான் கவனிக்காம இருந்திருக்கேன்.

ஆயுத பூஜை அன்னைக்கு ஒர்க்ஷாப்ல நிக்கும்போது இது இன்னும் நல்லாப் புரிஞ்சுது. அன்னைக்கு எந்த மெஷினும் ஓடாது. எல்லாத்தையும் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டு, பொரி கடலை படைச்சு, சும்மா பார்க்கறதுதான் வேலை. நாலு வருஷமா அந்த லேத்தை நான் பார்த்ததே இல்லன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ரெக்கார்டு நோட்டுக்காக, மார்க்குக்காக அதைப் பயன்படுத்தியிருக்கேன். பார்த்ததில்ல. டூல் போஸ்ட்ல எத்தனை கை பட்டுத் தேய்ஞ்சிருக்குன்னு தெரியுது. பயன்படுத்தாம பார்த்தாத்தான் நன்றி வருதோ என்னவோ. வருஷத்துல ஒரு நாள் அதுக்குன்னு ஒதுக்கி வச்ச நம்ம முன்னோர் கெட்டிக்காரங்க. நம்ம அதைப் பொரி பொட்டலத்தோட முடிச்சுடறோம்.

சரி, கடவுள் இங்கேயே இருக்கார்னே வச்சுப்போம். நான் இங்க இருக்கேனா? அதுதான் பெரிய பிரச்சனை. மெஸ்ல டம்ளர் மேல போனைச் சாய்ச்சு வச்சு சாப்பிடறேன். சாப்பிட்டது இட்லியா பொங்கலான்னு கை கழுவும்போது ஞாபகம் இருக்காது. வாய் சாப்பிடுது, கண் வேற ஊர்ல, மனசு அடுத்த டிரைவ்ல. கிடைச்சதே தெரியாதவன் எப்படி நன்றி சொல்வான்? கூரியர்ல வந்த பார்சலைப் பிரிக்கவே இல்ல, அனுப்பினவருக்கு ரிவ்யூ மட்டும் எழுதற கதைதான்.

இந்த இடத்துல எனக்குப் பூசலார் நாயனாரை ரொம்பப் பிடிக்கும். பெரிய புராணத்துல வர்ற 63 பேர்ல ஒருத்தர். ஊர் திருநின்றவூர். சென்னையில இருந்து அரக்கோணம் லோக்கல்ல போறவங்க அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் போவாங்க. சிவனுக்குக் கோவில் கட்டணும்னு ஆசை, கையில காசு இல்ல. மனசுக்குள்ளயே கட்ட ஆரம்பிச்சார். மனசுலயே பொருள் சேர்த்து, தச்சரைத் தேடி, நல்ல நாள் பார்த்து, அடித்தளம் போட்டு, படிப்படியா எழுப்பி, சிகரம் வச்சு, கிணறு குளம் எடுத்து, மதில் கட்டி, குடமுழுக்குக்கு நாள் குறிச்சார். அதே நாள்ல காஞ்சிபுரத்துல பல்லவ ராஜா கட்டின கற்கோவிலுக்கும் குடமுழுக்கு. சிவன் ராஜா கனவுல வந்து, "நாளைக்கு நான் பூசலார் கோவிலுக்குப் போகணும், நீ உன்னோடதைத் தள்ளி வை"ன்னுட்டார்னு கதை. ராஜா வந்து தேடினா ஊர்ல அப்படி ஒரு கோவிலே இல்ல. திருநின்றவூர்ல இப்போ இருக்கற கோவிலுக்குப் பேரே இருதயாலீஸ்வரர் கோவில்.

இந்தக் கதையை எப்பவும் பணக்காரன் ஏழை கதையாத்தான் சொல்வாங்க. எனக்கு அதுல வேற ஒண்ணு உறைச்சுது. எத்தனை நாள் அந்த மனுஷன் ஒரே இடத்துல மனசை வச்சிருந்திருக்கணும்! நேத்து எந்தக் கல் வரைக்கும் வச்சோம்னு இன்னைக்கு ஞாபகம் வச்சு அடுத்த கல்லை வைக்கணும். நான் கண்ணை மூடிக் கும்பிட ஆரம்பிச்சா பத்தாவது செகண்டுல நெட்ஒர்க்ஸ் அசைன்மென்ட் வந்து நிக்குது. நான் கட்டினா ஒரு செங்கல்கூட தேறாது.

பூசலார் மாதிரி உட்கார நேரம் இல்லங்கறவங்களுக்கு இன்னொருத்தர் இருக்கார். லைப்ரரியில பழைய ஷெல்ஃப்ல கிடைச்ச ஒரு மெல்லிசு புத்தகம் மூலமா தெரிஞ்சுக்கிட்டேன். பிரதர் லாரன்ஸ்னு பேர். 17-ஆம் நூற்றாண்டு, பாரிஸ்ல ஒரு கார்மலைட் மடம். அதுக்கு முன்னாடி சிப்பாயா இருந்தவர். மடத்துல அவருக்குக் கொடுத்தது சமையல் கட்டு வேலை. அவருக்குச் சுத்தமாப் பிடிக்காத வேலை அது. ஆனா ஜெப நேரம், வேலை நேரம்னு ரெண்டு இல்ல, பாத்திரச் சத்தத்துக்கு நடுவுலயும் கடவுள் முன்னாடிதான் நிக்கறேன்னு பழகிக்கிட்டார். 1691-ல இறந்தார். அவர் பேசினதும் கடிதங்களும் அவர் போன பிறகுதான் புத்தகமாச்சு. பிடிச்ச வேலையில மனசு நிக்கறது பெரிசில்ல, கேம் ஆடும்போது நமக்கே நிக்கும். பிடிக்காத வேலையில நிக்கணும். எனக்கு அது ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டாக்குமென்டேஷன்.

எங்க ஃப்ளோர்ல ஒரு நண்பன் அஞ்சு வேளை தொழறவன். சுபுஹு, லுஹர், அஸர், மஃரிப், இஷா. எக்ஸாம் இருந்தாலும் இல்லாட்டியும் அதே அஞ்சு. இதைவிட சுத்தமான போலிங் கிடையாது. அவன்கிட்ட எப்போ "எப்படிடா இருக்க?"ன்னு கேட்டாலும் "அல்ஹம்துலில்லாஹ்"னுதான் ஆரம்பிப்பான். எல்லாப் புகழும் இறைவனுக்கேன்னு அர்த்தம். ஆறாவது செமஸ்டர்ல ரெண்டு அரியர் விழுந்த அன்னைக்கும் அதையேதான் சொன்னான். முகம் வாடித்தான் இருந்துது, நடிக்கல. "ரெண்டு அரியருக்கு எதுக்குடா புகழ்?"னு கிண்டலாக் கேட்டேன். "அரியருக்குச் சொல்லல. நீ எப்படி இருக்கன்னு கேட்டல்ல, அதுக்குச் சொன்னேன்"னான். அன்னைக்கு அது ஒரு கவுன்டர் டயலாக் மாதிரி இருந்துது, சிரிச்சுட்டுப் போயிட்டேன். ரூம்மேட்டோட கேள்வி வந்த பிறகுதான் அது பதிலா இருக்குன்னு தெரிஞ்சுது. நடந்ததுக்கு நன்றி சொல்றது ஒண்ணு. இருக்கறதுக்குச் சொல்றது வேற. நடந்தது எனக்கும் ரூம்மேட்டுக்கும் வேற வேற. இருக்கறது ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

இங்க ஒரு எதிர்ப்பு வரும்னு தெரியும். எங்க கிளாஸ்ல பெரியார் படிச்சவன் ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். அவன் ரெண்டு அடி அடிச்சான். ரெண்டும் வலிச்சுது.

முதல் அடி: "கடவுளுக்கு நன்றி சொல்ற அவசரத்துல சமைச்ச ஆளை மறந்துடுவீங்க. மெஸ்ல சாம்பார் ஊத்தற அக்கா பேர் என்ன?" எனக்குத் தெரியல. நாலாவது வருஷம். ஒரு நாளைக்கு மூணு வேளை அவங்க கையால சாப்பிடறேன், பேர் தெரியல. இதுக்கு என்கிட்ட வாதம் எதுவும் இல்ல, அவன் சொன்னது சரி. அன்னைக்கு ராத்திரியே போய்க் கேட்டேன். "எதுக்குத் தம்பி, கம்ப்ளெயின்ட் எழுதப் போறியா?"ன்னாங்க. நாங்க அவங்க பேரைக் கேட்டாலே கம்ப்ளெயின்டுக்குத்தான்னு அவங்க நினைக்கற அளவுக்கு இருந்திருக்கோம். மேல இருக்கறவருக்கு அனுப்பற நன்றி நடுவுல இந்த மாதிரி ஆட்களைத் தொடாம நேரா மேல போனா, அது போய்ச் சேராதுன்னுதான் இப்போ நினைக்கறேன்.

ரெண்டாவது அடி: "இருக்கறதுக்கு நன்றி சொல்லுங்கறது ஏமாத்து வேலை. கேள்வி கேட்கறவன் வாயை மூடறதுக்கு வசதியான வார்த்தை." இதுலயும் பாதி உண்மை. மெஸ் தண்ணி சரியில்லன்னு போய் நின்னா, "சாப்பாடு கிடைக்காதவங்களை நினைச்சுப் பாருங்கப்பா"ன்னு சொல்றவங்களைப் பார்த்திருக்கேன். ஃபீஸ் வாங்கறவங்க நன்றியைப் பத்திப் பாடம் எடுக்கக் கூடாது. தண்ணி கிடைச்சதுக்குச் சாமிக்கு நன்றி, ஃபில்டர் மாத்தாததுக்கு ஆஃபீஸ்ல மனு. ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணலாம். சொல்லப் போனா தண்ணியோட அருமை தெரிஞ்சவன்தான் ஃபில்டருக்காகச் சண்டை போடுவான்.

இன்னொண்ணும் அவன்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டேன். நன்றி சொல்லுன்னு இன்னொருத்தனுக்கு நாம சொல்லக் கூடாது. கஷ்டத்துல இருக்கறவன்கிட்ட நிச்சயமா கூடாது. நான் ஆஃபர் லெட்டரைக் கையில வச்சுக்கிட்டு ரூம்மேட்கிட்ட "கை கால் நல்லா இருக்குல்ல, அதுக்கு நன்றி சொல்லுடா"ன்னா, என்னைவிடக் கேவலமான ஆள் இருக்க முடியாது. நான்னு ஆரம்பிக்கற வாக்கியத்துல மட்டும் வர வேண்டிய வார்த்தை அது. அதனாலதான் இந்தக் கட்டுரையிலயும் என்னைப் பத்தி மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கறேன்.

நான் என்ன பண்றேன்னா, பெரிசா ஒண்ணும் இல்ல. காலையில ஹாஸ்டல் பைப்பைத் திறக்கும்போது, முதல் வாய் சாப்பிடும்போது, ராத்திரி லைட் ஆஃப் பண்ணும்போது. மூணு தடவை. அந்த நிமிஷம் எதுவும் கேட்கறதில்லன்னு ஒரு கண்டிஷன். முதல் வாரம் மொத்தம் 21 தடவை வரணும், எனக்கு ஞாபகம் வந்தது ஆறு. அதுலயும் ரெண்டு தடவை பழக்க தோஷத்துல "ப்ராஜெக்ட் ரிவ்யூ நல்லாப் போகணும் சாமி"ன்னு முடிச்சுட்டேன். எம்பெடட் சிஸ்டத்துல வாட்ச்டாக் டைமர்னு ஒண்ணு இருக்கும். ப்ரோக்ராம் குறிப்பிட்ட நேரத்துக்குள்ள அதைத் தொட்டுட்டே இருக்கணும், தொடலன்னா ப்ரோக்ராம் எங்கயோ மாட்டிக்கிச்சுன்னு முடிவு பண்ணி சிஸ்டத்தையே ரீசெட் பண்ணிடும். இந்த மூணு நிமிஷமும் எனக்கு அந்த வேலையைத்தான் பார்க்குது. ரெண்டு நாள் தொடர்ந்து மறந்துட்டேன்னா, நான் எங்கயோ மாட்டிக்கிட்டு ஓடிட்டு இருக்கேன்னு தெரியுது. இதனால வாழ்க்கை மாறிடுச்சான்னு கேட்டா, இல்ல. அசைன்மென்ட் இன்னும் கடைசி நாள்லதான் முடிக்கறேன். மெஸ்ல போன் மட்டும் பாக்கெட்ல இருக்கு, அதுவும் பெரும்பாலும்.

ஒரு சங்கடம் மட்டும் இன்னும் தீரல. அந்த ராத்திரி தூங்கற மாதிரி நடிச்சதுக்குப் பதில் சொல்லணும்ல. போன மாசம் ஒரு நாள், அவனுக்கு மூணாவது கம்பெனியும் போன ராத்திரி, மொட்டை மாடியில உட்கார்ந்திருந்தோம். அப்போ சொன்னேன், அன்னைக்கு முழிச்சுத்தான் இருந்தேன்னு. "தெரியும்டா, நீ தூங்கினா குறட்டை வரும்"னான். அப்புறம் நான் சொன்னேன், உன்னைக் கைவிட்டாரான்னு எனக்குத் தெரியாது, ஆனா என்னை செலக்ட் பண்ணது அவர் இல்ல, அந்தப் பேனல்ல உட்கார்ந்திருந்த கண்ணாடி போட்ட சார்தான், அம்மாகிட்ட நான் சொன்னது தப்புன்னு. அவன் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. "அம்மாகிட்ட மாத்திச் சொல்லிடாத, பாவம், சந்தோஷமா இருக்காங்க"ன்னான்.

நாளைக்கு அவனுக்கு அடுத்த டிரைவ். இன்னைக்குச் சாயங்காலம் கேட் பக்கம் போனப்போ பிள்ளையார் கோவில்ல யாரும் இல்ல. ரெண்டு பேரும் உள்ள போய் நின்னோம். வேண்டிக்கவா வேண்டாமான்னு எனக்குக் குழப்பம். அவனுக்காக வேண்டினா மறுபடியும் ஹெச்ஆர்கிட்ட ரெகமண்டேஷன் கேட்கற மாதிரி ஆகாதா? கடைசியில வேண்டிக்கிட்டேன். நண்பனுக்காகக் கேட்கறதையும் விட்டுட்டு அப்படி ஒரு கொள்கை எனக்குத் தேவையில்ல. அவன் என்ன சொன்னான்னு தெரியல. கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்னான்.

இதை எழுதி முடிச்சு அவன்கிட்டதான் முதல்ல படிக்கக் கொடுத்தேன். அவன் சரின்னாத்தான் அனுப்பணும்னு இருந்தேன். போலிங் பத்தின பாராவுல ஒரு தப்பு கண்டுபிடிச்சுத் திருத்தினான். மெஸ் அக்கா பேரை எழுதாதது நல்லதுன்னான். அப்புறம், "கூட்டம் இல்லாத நாள்ல போனா நல்லா இருக்குல்லடா, செருப்பு திருடு போகாது"ன்னுட்டு, சட்டையை அயர்ன் பண்ணப் போயிட்டான்.